செலவுப் பழக்கமா, சுமத்தப்பட்ட கடனா?

பல ஆண்டுகள் கணவனின் பிடியில் இருந்த ஊதியமும் நகையும் கையெழுத்தும் ஒரு கட்டத்தில் ஒரு பெண்ணின் கைக்குத் திரும்பி வருகின்றன. மணமுறிவால் வரலாம், பிரிந்து வந்ததால் வரலாம், நீதிமன்ற ஆணையால் வரலாம். அதற்குப் பிறகு தன் பணத்தைத் தானே ஆள அவள் எங்கிருந்து தொடங்க வேண்டும்? வரவு செலவுக் கணக்கு எழுதக் கற்றுக்கொள்வதிலிருந்தா? மனக்காயத்தை ஆற்றிக்கொள்வதிலிருந்தா? தன் பெயரில் நிற்கும் கடனை நீக்குவதிலிருந்தா? ஒரு வீட்டையோ வேலையையோ பெறுவதிலிருந்தா?

இந்த நான்கு விடைகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு, தனித்தனி ஆதரவாளர்களும் உண்டு. நடைமுறையில், வங்கிகளின் நிதிக் கல்வி முகாம் முதல் பெரியம்மாவின் அறிவுரை வரை, முந்திக்கொண்டு வருவது முதல் விடைதான்: செலவைக் குறை, கணக்கு எழுது, சேமி. அந்த முந்துரிமைக்குப் போதிய சான்று இருக்கிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. தமிழ்நாட்டையும் இந்தியச் சட்டத்தையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன் என்றாலும், நேரடி ஆய்வுகளில் பெரும்பங்கு அமெரிக்காவில் நடந்தவை என்பதால் அங்கும் போய்வர வேண்டியிருக்கிறது. முதிய பெற்றோரின் ஓய்வூதியத்தையும் வீட்டையும் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வது இதற்கு நெருங்கிய உறவுள்ள சிக்கல். அதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் தனி வழி வகுத்திருக்கிறது. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

உடைமையிலிருந்து கட்டுப்பாட்டுக்கு

பெண்ணின் பணம் யாருடையது என்ற கேள்வி பழையது. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் மனைவியின் சம்பாத்தியம் அவளுடைய தனிச் சொத்தே என்று சொன்னது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை அதே சட்டம் விலக்கி வைத்தது. அதாவது இந்நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலோரை. இந்துப் பெண்களுக்குச் சீதனம் என்ற பழைய ஏற்பாடே மிஞ்சியது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1989இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம், 2005இல் அதை நாடு முழுக்கப் பரப்பிய மத்தியத் திருத்தம் என்று பாதை நீண்டது. தமிழ்நாட்டுத் திருத்தம் அதற்கு முன்பே மணமாகிப் போன மகள்களை விட்டுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் உடைமையைப் பற்றியவை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டனவே தவிர, ஏடிஎம் அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று கேட்கவில்லை. இரண்டாவது கேள்வி குடும்ப வன்முறைக்கு எதிரான இயக்கங்களிலிருந்து வந்தது. அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களில், அடிபட்ட பெண்களின் வாக்குமூலங்களைக் கொண்டு வரைந்த அதிகாரச் சக்கரத்தில் பணத்தைக் கொண்டு அடக்குவது ஒரு தனிப் பகுதியாக இடம்பெற்றது. இந்தியா இதில் பின்தங்கவில்லை. 2005இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் பொருளாதார வன்முறையை வெளிப்படையாகவே வரையறுத்தது. இங்கிலாந்து தன் சட்ட வரையறையில் அதைச் சேர்த்தது 2021இல்தான்.

2008இல் ஆட்ரியன் ஆடம்ஸும் உடன் ஆய்வாளர்களும் பொருளாதார வன்முறையை அளக்க 28 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தார்கள். கட்டுப்படுத்துதல், சுரண்டுதல் என்று அது இரண்டாகப் பிரிந்தது. முதலாவது, பணத்தை அவள் கைக்கு எட்டாமல் வைப்பது, கணக்குக் கேட்பது, பணம் எங்கே இருக்கிறது என்பதையே மறைப்பது. இரண்டாவது, அவள் பணத்தை எடுத்துச் செலவழிப்பது, அவள் பெயரில் கடன் வாங்குவது. காப்பகங்களின் உதவியை நாடி வந்த 103 பெண்களிடம் கேட்டபோது 99 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவத்தில் இதை அனுபவித்திருந்தனர். உதவி தேடி வந்தவர்களிடம் மட்டும் கேட்ட கணக்கு இது என்பதால் எல்லா வீடுகளுக்கும் நீட்ட முடியாது. ஆனால் அந்த இரு பிரிவுகள் பயனுள்ளவை. கட்டுப்பாடு நின்றால் அன்றே நின்றுவிடும், சுரண்டலோ ஆள் போன பிறகும் கடனாக வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கும். பின்னால் வரும் விவாதம் முழுக்க இந்த வேறுபாட்டைச் சுற்றியே நடக்கிறது.

கணக்கு எழுதக் கற்றுக்கொடு என்போர்

முதல் அணி நிதிக் கல்வியை நம்புகிறது. பணத்தைக் கையாளவே விடப்படாத பெண்ணுக்கு அதைக் கையாளும் திறன் வளர்ந்திருக்காது, எனவே அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் தர்க்கம். அமெரிக்காவில் குடும்ப வன்முறையிலிருந்து மீண்டவர்களுக்கென்றே ஒரு பாடத்திட்டம் எழுதப்பட்டு, ஜூடி போஸ்ட்மஸும் குழுவினரும் அதைச் சீரற்ற பகுப்பு முறையில் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். பாடம் கேட்டவர்களின் நிதி அறிவும் நடத்தையும் கேளாதவர்களைவிட மேம்பட்டிருந்தன. எளிதில் தள்ளிவிடக்கூடிய முடிவு இல்லை இது. ஆனால் அளந்தவற்றில் பெரும்பகுதி பெண்கள் தாமே சொன்ன விடைகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பொதுவான நிதிக் கல்வியின் பலன் பற்றி ஆய்வாளர்களிடையே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2014இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மையர் ஆகியோர் ஏறத்தாழ இருநூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நிதி நடத்தைகளில் காணும் வேறுபாட்டில் 0.1 விழுக்காட்டை மட்டுமே நிதிக் கல்வி விளக்குகிறது என்றார்கள். கற்றது விரைவில் மறந்தும் போகிறது என்றார்கள். 2022இல் கைசர், லுசார்டி முதலானோர் 76 சோதனைகளைத் தொகுத்து அதற்கு மாறாக, பலன் உண்டு, அதுவும் பொருட்படுத்தத் தக்க அளவில் உண்டு என்று பதில் சொன்னார்கள். இரண்டையும் படித்தால் ஒன்று தெளிவாகிறது. முடிவெடுக்கும் தருணத்தை ஒட்டிக் கற்றுக்கொடுத்தால் ஓரளவு பயன் இருக்கிறது. பொதுவாக வகுப்பெடுத்து அனுப்பினால் குறைவு.

இந்த அணியின் பெரிய பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அவர்கள் தரும் சூத்திரங்கள் ஒரு குறிப்பிட்ட வருமானத்தை முன்வைத்து எழுதப்பட்டவை. யூடியூபில் தமிழ் நிதி ஆலோசகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் 50-30-20 விதி எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களுக்காக எழுதிய நூலிலிருந்து பரவியது. பாதி தேவைக்கு, 30 விழுக்காடு விருப்பத்துக்கு, 20 விழுக்காடு சேமிப்புக்கு. இதை ஒரு கற்பனைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். பிரிந்து வந்து, ஒரு குழந்தையோடு தனியாக வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கு மாதம் 14,000 ரூபாய் ஊதியம். வாடகை 4,500. மளிகை, பால், காய்கறி, காஸ் எல்லாம் சேர்ந்து 4,500. பிள்ளையின் பள்ளி வேன் 900. கணவனோடு இருந்தபோது அவன் சொல்லி மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்த கடனுக்கு மாதத் தவணை 3,200. வேலைக்குப் போகிற நகரப் பேருந்து 2021 முதல் கட்டணமில்லை. மிச்சம் 900 ரூபாய். விதிப்படி சேமிக்க வேண்டியது 2,800.

இந்தப் பெண் தேநீரை நிறுத்தலாம், பிள்ளைக்கு பிஸ்கட் வாங்குவதை நிறுத்தலாம், கைபேசிக்குச் சிறிய ரீசார்ஜ் போடலாம். எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு ரூபாய்க்கு மேல் தேறாது. அவள் கணக்கில் மாற்றத்துக்கு உரிய ஒரே பெரிய எண் அந்த 3,200. அது அவள் செலவழித்த பணமே இல்லை. செலவுப் பழக்கத்தைத் திருத்த வருகிறவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டுப் பிஸ்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

பழக்கம் என்று எதைச் சொல்கிறோம்

மீண்டு வந்தவர்களோடு பணியாற்றுபவர்கள் சில நடத்தைகளைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார்கள். கையில் பணம் வந்ததும் அன்றே செலவழித்துவிடுவது, தனக்கென்று ஒரு ஜாக்கெட் துணி வாங்கக்கூடத் தயங்குவது, வாங்கியதை ஒளித்து வைப்பது, கேட்க யாரும் இல்லாதபோதும் ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துவது, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் திறக்காமல் விடுவது. ஒன்றுக்கொன்று நேர் எதிரானவைகூட ஒரே ஆளிடம் இருக்கலாம்.

இவற்றைக் குணக்குறை என்று படிக்கலாம். அப்படித்தான் பல குடும்பங்களில் படிக்கிறார்கள்: “கையில நாலு காசு தங்காது இவளுக்கு.” ஆனால் பழைய வீட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. மிச்சம் வைத்தால் பிடுங்கிக்கொள்ளப்படும் இடத்தில், வந்தவுடன் அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பில்லைக் காட்டாவிட்டால் அடி விழும் இடத்தில் பில்லைச் சேர்த்து வைப்பது தற்காப்பு.

தமிழ்க் குடும்பங்களில் இதற்கு ஒரு பழைய சாட்சி சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்து வைத்த பணம் எந்த ஆய்வின் சேமிப்புக் கணக்கிலும் வராது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது அந்தப் பணம் வீட்டு ஆண்களின் கண்ணெதிரே வெளியே வரவேண்டியதாயிற்று. மாற்றுவதற்கு வங்கிக்குப் போக வேண்டும், வங்கிக்குப் போவதைச் சொல்ல வேண்டும், சொன்னால் எவ்வளவு என்று கேட்பார்கள். நிதிக் கல்வி இல்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் அதுவரை எவ்வளவு ஒழுங்காகச் சேமித்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆக, திறன் இல்லை என்ற முதல் அணியின் அடிப்படை அனுமானமே ஐயத்துக்குரியது. திறன் இருந்திருக்கிறது, மறைக்கும் திறனாக. அதை வெளிப்படையான சேமிப்பாக மாற்றுவது வேறு வகைக் கல்வி. அதற்குப் பாடத்திட்டம் எழுதியவர்கள் மிகக் குறைவு.

காயத்தை ஆற்று என்போர்

இரண்டாவது அணி உளவியலிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 2010ஐ ஒட்டி நிதி சார்ந்த உளச்சிகிச்சை ஒரு தனித் துறையாகத் திரண்டது. பணத்தைப் பற்றிச் சிறு வயதிலேயே மனத்தில் படிந்த நம்பிக்கைகளை பிராட் கிளான்ட்ஸ் வகைப்படுத்தினார். அவற்றைத் தொடாமல் கணக்கு நோட்டைத் தொடுவதில் பயனில்லை என்பது இவர்களின் வாதம். பொருளாதார வன்முறையில் வாழ்ந்தவர்களுக்கு இதில் ஏதோ உண்மை இருப்பதாகப் படும். ஆனால் சான்று இன்னும் மெல்லியது. தமிழ்நாட்டில் இத்தகைய சிகிச்சை பெரும்பாலோருக்கு எட்டாதது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே திசையில் நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர் உள்ளிட்டோர் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாள்களில் அதே விவசாயி அறிவுத்திறன் தேர்வில் மோசமாகச் செய்தார், கரும்புப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். பற்றாக்குறையே மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று அவர்கள் விளக்கினர். அப்படியென்றால் மீண்டு வந்த பெண்ணின் தடுமாற்றத்துக்குக் கடந்தகாலக் காயத்தைவிட இந்த மாத வாடகையே காரணமாக இருக்கலாம். 2016இல் கார்வால்யோவும் மற்றவர்களும் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் செய்த ஆய்வில் அறிவுத்திறனில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. பற்றாக்குறைக் கோட்பாட்டின் வேறு சில சோதனைகளும் மறுமுறை செய்தபோது அதே வலுவோடு நிற்கவில்லை. கரும்பு விவசாயியின் ஓராண்டு வரவு ஒரே நாளில் வருவது, சம்பளக்காரருக்கு மாதம் ஒருமுறை வருவது ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பதால் சண்டை இன்னும் தீரவில்லை.

கடனை நீக்கு என்போர்

மூன்றாவது அணி சட்டத்திலிருந்து வருகிறது. இவர்களின் வாதமே எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது. 2012இல் ஆஞ்செலா லிட்வின் என்ற சட்டப் பேராசிரியர், மனைவியை மிரட்டியோ ஏமாற்றியோ அவளுக்குத் தெரியாமலோ அவள் பெயரில் வாங்கப்படும் கடனைத் தனிச் சிக்கலாக அடையாளம் காட்டினார். பிறகு ஆடம்ஸோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வில், அமெரிக்காவின் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண்ணை அழைத்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தகைய கடனைச் சுமந்திருந்தார்கள். டெக்சாஸ் 2019இல், கலிஃபோர்னியா 2022இல் என்று சில மாநிலங்கள் இதற்கெனச் சட்டம் செய்தன. கலிஃபோர்னியாவில் அப்படிக் கடன் சுமத்தப்பட்டவர் உரிய சான்றோடு கடன் கொடுத்தவரிடமே அதை மறுக்க முடியும்.

இங்கே நிலைமை என்ன? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பணத்தையும் சொத்தையும் அவளுக்குக் கிடைக்காமல் செய்வதையும் விற்றுத் தீர்ப்பதையும் விரிவாகச் சொல்கிறது. 18ஆம் பிரிவின் கீழ் நடுவர் நீதிமன்றம் வங்கிக் கணக்கையும் பெட்டகத்தையும் கணவன் இயக்கக் கூடாதென்று ஆணையிடலாம். 20ஆம் பிரிவின் கீழ் இழந்த வருவாய்க்கும் ஜீவனாம்சத்துக்கும் பணம் கேட்கலாம். ஆனால் அவள் கையெழுத்திட்ட கடனைப் பற்றி அந்த வரையறை தனியாக எதுவும் சொல்லவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் அந்த வழக்கில் ஒரு தரப்பும் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் மிரட்டிப் பெற்ற சம்மதத்தை ரத்து செய்ய இடம் தருவது உண்மைதான். ஆனால் மிரட்டியவன் கணவன், ஒப்பந்தம் வங்கியோடு. மிரட்டல் நடந்தது என்று வங்கிக்கு எதிராக மெய்ப்பிப்பது எளிதல்ல. அதே சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கடன் வாங்கியவருக்கு நிகராகவே பொறுப்பாவார் என்கிறது. மணமுறிவுத் தீர்ப்பு திருமணத்தை முடிக்கிறது, கூட்டாக எடுத்த வீட்டுக் கடனை முடிப்பதில்லை. பெண் பெயரைச் சேர்த்தால் வட்டி சற்றுக் குறையும் என்று சேர்க்கப்பட்டவள், வேறு வீட்டுக்குப் போன பின்னும் அந்தக் கடனில் தொடர்கிறாள். தவணை தவறினால் அவள் சிபில் மதிப்பெண்ணும் சரிகிறது. அடுத்து அவள் கேட்கும் தையல் இயந்திரக் கடன் அங்கே நிற்கிறது.

சிறு அளவில் செய்யக்கூடியவை இருக்கின்றன. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். தன் பெயரில் என்னென்ன நிற்கிறது என்று பல பெண்கள் முதன்முதலில் அறிவது அதில்தான். தவறான பதிவைத் திருத்தக் கேட்டால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023இல் விதி செய்தது. கையெழுத்தே போலி என்றால் இது உதவும். கையெழுத்து அவளுடையதுதான், போட வைத்தது அவன் என்றால் உதவாது.

தமிழ்நாட்டில் சிக்கலுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு நிதியுதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவின. அவற்றைத் தொடர்ந்து நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. பெண்ணுக்கே கடன், ஆணுக்குக் கிடையாது என்ற ஏற்பாட்டில் கடன் அவள் பெயரில் எழுதப்படுகிறது. பணம் எங்கே போகிறது? வங்கதேசத்தில் கோட்ஸ், சென்குப்தா இருவரும் 1996இலேயே, பெண்கள் வாங்கிய கடனில் பெரும்பகுதியின் கட்டுப்பாடு ஆண்களிடம் இருப்பதைக் காட்டினார்கள். இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல்லாண்டுகள் செய்த ஆய்வின் பயனாக 2023இல் வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடனைப் புரட்டுவதும் அடைப்பதும் நல்ல மனைவிக்கான கடமையாகவே மாறியிருப்பதை அது விவரிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எது வற்புறுத்திய கடன், எது குடும்பக் கடன் என்ற கோடு அவளுக்கே மங்கலாக இருக்கும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். எனவே அவள் கடனை மறுத்தால் அது போய் விழுவது கணவன் தலையில் அல்ல, பக்கத்துத் தெரு அக்காவின் தலையில். கலிஃபோர்னியச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்க முடியாததற்கு முதன்மையான காரணம் இதுதான். வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் சட்டம் செய்திருக்கிறது. கடன் யாருடையது என்ற கேள்விக்குள் அது போகவில்லை.

வீடும் வேலையும் கொடு என்போர்

நான்காவது அணி பொருளியலாளர்களுடையது. பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் நெடுங்கால உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலம் உள்ளவர்களில் அது 18, வீடு உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7 விழுக்காடு. போக ஓர் இடம் இருப்பதே பாதுகாப்பு என்று இதைப் படிக்கலாம். சொத்துள்ள பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ஆதரவும் கூடுதலாக இருந்திருக்கலாம், அதுவே காரணமாகவும் இருக்கலாம் என்ற எதிர்வாதத்தை முற்றாகத் தள்ள முடியாது. வேலையைப் பொறுத்தவரை முடிவுகள் கலவையானவை. வங்கதேசத்தில் ரேச்சல் ஹீத் 2014இல் காட்டியபடி, படிப்பு குறைந்த அல்லது இளவயதில் மணமான பெண்களிடையே வேலைக்குப் போவதும் வன்முறையும் சேர்ந்தே காணப்பட்டன.

வருமானம் எந்த வழியில் வருகிறது என்பதும் முக்கியம். மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலையின் கூலியைப் பெண்ணின் சொந்தக் கணக்கில் நேரடியாகப் போட்டு, கணக்கை இயக்கப் பயிற்சியும் கொடுத்தபோது பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள் என்று ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலானோர் 2021இல் காட்டினர். கணக்கு மட்டும் திறந்து கொடுத்தது போதவில்லை. முதல் அணியின் பயிற்சிக்கு இங்கே ஒரு நியாயம் கிடைக்கிறது: பணம் அவள் கையில் வந்த பிறகு தரும் பயிற்சி பலித்தது.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தாமே இயக்கும் வங்கிக் கணக்குள்ள பெண்கள் இந்தியாவில் 78.6 விழுக்காடு. தாமே இயக்குவது என்றால் என்ன என்று கொஞ்சம் துருவ வேண்டும். கணக்கோடு இணைந்த கைபேசி எண் கணவனுடையதாக இருந்தால், சம்பளம் ஏறியதும் தகவல் போவது அவனுக்கு. ஓடிபி போவதும் அவனுக்கே. கூகுள் பே அவன் கைபேசியில்தான் இருக்கும். பிரிந்து வந்த பெண் வங்கிக் கிளைக்குப் போய் எண்ணை மாற்றி, ஆதாரிலும் மாற்றி, பழைய அட்டையை முடக்கி, நியமனதாரர் பெயரையும் மாற்றுகிற அந்த ஒரு நாள் வேலை, பல மாத பட்ஜெட் பாடத்தைவிடக் கூடுதல் பயன் தரும் என்பது என் கணிப்பு. தமிழ்நாட்டு அரசின் மகளிர் உரிமைத் தொகையிலும் இதே கதை. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது. ஆனால் திட்டம் குடும்ப அட்டையைச் சுற்றி அமைந்தது. பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புது அட்டை வாங்கும்வரை, தனியாக வந்தவள் திட்டத்தின் கண்ணுக்குத் தனிக் குடும்பம் இல்லை.

நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்களின் சொத்தில் பெரும்பங்கு அதுதான். சீதனம் மனைவியின் முழு உடைமை, கணவன் அதன் காவலன் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொன்னது. 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதியர் வழக்கொன்றில் அதை மீண்டும் உறுதி செய்தது. முதலிரவிலேயே 89 சவரனையும் பத்திரமாக வைப்பதாக வாங்கி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பிறகு பழைய கடன்களை அடைத்தார்கள் என்பது புகார். 25 லட்சம் ரூபாய் தர ஆணையிடப்பட்டது. திருமணம் நடந்தது 2003இல். இருபது ஆண்டுகளுக்குப் பின் வரும் தொகை நீதி என்பதில் ஐயமில்லை, பிரிந்து வந்த முதல் மாத வாடகைக்கு அது உதவாது. குடும்ப வன்முறைச் சட்டம் முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த எல்லை நடைமுறையில் அரிதாகவே காக்கப்படுகிறது.

முடிவாகாதவை

இன்றைய சான்றுகளை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவு: நான்கு விடைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, ஆனால் வரிசை முக்கியம். பணம் அவள் கைக்கு வருவதும், அவளுடையதல்லாத கடன் அவள் மேலிருந்து இறங்குவதும் முதலில் நடந்தால் நிதிக் கல்விக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். தலைகீழாகச் செய்தால், அவள் செய்யாத தவறுக்கு அவளையே திருத்துவதாக முடிகிறது. இந்த வரிசையை நேருக்கு நேர் சோதித்த ஆய்வு எதையும் நான் அறியேன். எனவே இதை ஓர் ஊகமாகவே முன்வைக்கிறேன்.

குழுக்கடனில் வற்புறுத்தலை எப்படி மெய்ப்பிப்பது, மெய்ப்பித்தால் இழப்பை யார் ஏற்பது என்பது திறந்தே கிடக்கிறது. நிறுவனம் ஏற்றால் பெண்களுக்குக் கடன் கொடுப்பதையே சுருக்கிக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. இல்லத்தரசியின் உழைப்புக்குக் கணவன் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் சொன்னது. கோவா நீங்கலாக, மணவாழ்வில் சேர்ந்த சொத்தைப் பகிரும் பொதுச் சட்டம் நாட்டில் இல்லாத நிலையில் அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதும் தெரியவில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வு கணவனின் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது, பண விஷயத்தில் அவர் உங்களை நம்புவதில்லையா என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறது. வற்புறுத்தி வாங்க வைத்த கடனைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காத வரை, தமிழ்நாட்டில் எத்தனை பெண்கள் அப்படிப்பட்ட தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த சுற்றில் அந்த ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்.